சாக்குக்கு அடியில் என் சோற்றுப் பார்சல்

என் அன்புக்கும், இந்த ஒரு கிழமையாக என் கோபத்துக்கும் உரியவருக்கு,

கல்லறைக்கு வந்து மெல்லச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். நீங்கள் ஒரு தொழிற்சாலைப் பகுதியையே சேர்த்துக்கொண்டு எனக்கு ஒன்றை மறைத்தீர்கள். ஆகவே நானும் நாலு பேர் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்புவிக்கச் சொல்வார்கள். பொறாமைக்கு அதில் பெயர் காய்மகாரம்; அந்தச் சொல்லில் நான் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை. சொல்லத் தெரிந்ததே தவிர, அது எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. எழுபதையும் தாண்டி, உங்கள் புண்ணியத்தில், இப்போது தெரிந்துகொண்டேன். அது தொண்டையில்தான் இருக்கிறது. சோற்றை இறங்க விடுவதில்லை.

யார்மீது என்று கேட்பீர்கள். ஒருத்தி மீது என்றால் சமாளித்திருப்பேன். உங்களுடைய பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த அத்தனை பேர் மீதும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை நம்முடைய முந்தல் வீட்டுக்கு வந்தாள். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் மனிதவளப் பகுதியாம். பெயர் திலினி. என்னோடு ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டு இடத்தில் வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னாள், நான் திருத்தவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியிருப்பீர்கள்.

மதுரங்குளித் தொழிற்சாலையில் புதுக் கன்டீன் கட்டியிருக்கிறார்களாம். பெரியவர் சின்னவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பிடுவதுதான் இனிக் கம்பனியின் பண்பாடாம். அந்தப் பண்பாட்டைத் தொடக்கி வைத்தவர் நீங்களாம். திறப்பு விழாவுக்கு நான் வரவேண்டுமாம்.

"என் கணவர் தென்னந்தும்புப் பொதி கட்டும் பகுதிக்கு சுப்பர்வைசராக இருந்தவர். பண்பாடு ஒன்றும் தொடக்கினதாக எனக்குச் சொல்லவில்லையே," என்றேன்.

"மெடம் ரொம்ப அடக்கமாகப் பேசுறீங்க," என்று சிரித்தாள்.

அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, இந்தச் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்தேன். பொறாமை அந்தக் கோப்பையிலேயே தொடங்கிவிட்டது.

உங்களுக்குத் தெரியும், எனக்கு வேறு பெருமை கிடையாது. பிள்ளைகள் தங்கள் தங்கள் வழியில் போய்விட்டார்கள். படித்த படிப்புக்கு ஒரு வேலைக்கும் போகவில்லை. ஆனால் உங்களுக்கு நான் கட்டித் தந்த பகல் சோறு இருக்கிறதே, அதில் ஒருத்தரும் குறை காண முடியாது. வாழையிலையை அனலில் வாட்டி, சோறு ஒரு பக்கம், கறிகள் ஒன்றோடொன்று கலக்காமல் மறுபக்கம், மேலே பத்திரிகைத் தாள். நான்கு மூலையும் கட்டில் விரிப்பை மடிப்பதுபோல மடிப்பேன். மடத்துச் சிஸ்டர் அப்படித்தான் பழக்கினார், மூலை மழுங்கியிருந்தால் விரிப்பை உதறிப்போட்டு மறுபடி மடிக்க வைப்பார். நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஒரு முடிச்சு. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் பஸ்ஸுக்குப் போவீர்கள்.

மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்பேன், "எப்பிடிச் சாப்பாடு?"

"கத்தரிக்காய் அந்த மாதிரி ருசி," என்பீர்கள். அல்லது, "மீனுக்குப் புளி சரியா இருந்தது." சில நாட்களில் ஒன்றுமே சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். அந்த நாட்களில் எனக்குக் கோபம் வரும். என்ன பிழைத்துவிட்டது என்று சட்டியை மறுபடி ருசி பார்ப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

ஒருநாள் திடீரென்று, "இனிப் பார்சலில இறைச்சி வேண்டாம், மீன் போதும். பகலில இறைச்சி சாப்பிட்டா வயிறு கேக்குதில்ல," என்றீர்கள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மீனும் வேண்டாம், மரக்கறி போதும் என்றீர்கள். வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விட்டு மீன் சாப்பிடும் நம் வேதக்காரருக்கு இது என்ன புதுச் சுத்தபோசனம் என்று கேட்டேன். "வயிறு," என்று மட்டும் சொன்னீர்கள். நான் கொத்தமல்லி அவித்துத் தந்தேன், சீரகத் தண்ணீர் வைத்தேன், உங்கள் வயிற்றுக்காக புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்துத் தலவிலைக் கோவிலுக்கும் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பன்றி இறைச்சியை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டீர்களே, அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

இன்னொரு நாள் இன்னும் பெரிய அநியாயம். "திரேசா, மூலையை இவ்வளவு கூரா மடிக்காத. சும்மா சுருட்டிக் கட்டு," என்றீர்கள். நான் சுருட்டிக் கட்டுவதா? "சுருட்டிக் கட்டின சோறு வேணுமெண்டா சந்திக் கடையில வாங்கிச் சாப்பிடுங்கோ," என்றேன். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, விழாவுக்கு வருகிறேன்.

நீல மணிப்புரிச் சேலை உடுத்து, நீங்கள் தந்த புரூச்சைக் குத்திக்கொண்டு போனேன். வாசலில் பூ கொடுத்தார்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தப் படம் எனக்குத் தெரியாத படம். தலையில் தும்புத் தூளோடு, வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் எந்தப் படத்திலாவது நீங்கள் இப்படிச் சிரித்திருக்கிறீர்களா? நம்முடைய கலியாணப் படத்தில் பல்வலிக்காரர் மாதிரி நிற்கிறீர்கள்.

மனேஜர் பேசினார், கொழும்பிலிருந்து வந்தவர் பேசினார். நியாயம், சமத்துவம், ஒரே குடும்பம். கை தட்டினோம். பிறகு முகத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"நோனா, நான் நபீஸா. சுப்பர்வைசர் சேருக்குக் கீழ வேல செஞ்சவ. கனமூலையில இரிக்கிறன். எங்கட ஊரு மன்னாரு, தொண்ணூறுல முஸ்லிம் ஆக்களெண்டு வெரட்டிவிட்ட கூட்டம்." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நோனாவப் பாக்கோணும் எண்டு எத்தின நாள் ஆச. நோனாட கத்தரிக்கா பால்கறிய நான் திண்ட மாதிரி இந்த உலகத்துல ஒருத்தரும் திண்டிருக்க மாட்டாங்க."

"நீ எங்கே என் கறியைச் சாப்பிட்டாய்?"

"சாக்குக்குக் கீழ கைய விட்டுத்தான்."

"எந்தச் சாக்கு?"

அவள் வாயில் கை வைத்தாள். "அல்லாஹ்வே, சேர் சொல்லல்லயா? கடைசி வரைக்கும் சொல்லல்லயா?" திரும்பி ஒருத்தியைக் கூப்பிட்டாள். "செல்வி, இஞ்ச வாடி. நோனாவுக்கு ஒண்டும் தெரியாதாம்!"

செல்வி உடப்பு ஊர்ச் சைவக்காரப் பிள்ளை. நெற்றியில் பெரிய பொட்டு, அதைவிடப் பெரிய வாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் தொட்டு, உங்களை எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

போர் முடிந்த பிறகு கம்பனி பெருத்ததும், மேன்பவர் ஏஜென்ட் மூலம் நாள் கூலிக்கு ஆட்களை எடுத்ததும் எனக்குத் தெரியும். அந்த ஆட்களுக்குப் பழைய கன்டீனுக்குள் இடமில்லை என்று சட்டம் வைத்திருந்தது தெரியாது. நிரந்தர ஆட்கள் கதிரையில் இருந்து சாப்பிட, அதே வேலை செய்த நபீஸாவும் செல்வியும் பொதிகளுக்குப் பின்னால் தும்புத் தூளில் குந்தியிருந்து சாப்பிட்டார்களாம். நீங்கள் அதைக் கண்டுவிட்டு, மறுநாள் உத்தியோகத்தர் மேசைக்குப் போகாமல் உங்கள் சோற்றுப் பார்சலோடு பொதி கட்டும் மேசைக்கு வந்தீர்களாம்.

"நாங்க மறைச்சோம் நோனா," என்றாள் நபீஸா. "என்ட பார்சலுக்குள்ள அண்டைக்குச் சோறுமில்ல, வெறும் பாணும் சம்பலும். சேருக்கு முன்னால அவுக்க வெக்கமா இருந்திச்சி. சேர் பாத்திட்டாரு. எல்லார்ட பார்சலையும் மேசையில வைக்கச் சொன்னாரு. ஒரு வெறுஞ்சாக்க எடுத்து மேல மூடினாரு. 'ஒவ்வொருத்தரா கைய விட்டு ஒண்ட எடுங்க. வந்தது வரட்டும். யாரு வீட்டுது எண்டு கேக்கப்படாது.' அண்டையிலிருந்து சேர் பென்சன் போகும்வரைக்கும் அப்பிடித்தான்."

"இறைச்சி...?" என்றேன்.

"எங்களுக்கு ஹலால் இல்லாட்டித் திண்ண ஏலாதே. அதால இறச்சி இல்ல. உடப்பு ஆக்களுக்கு வெள்ளிக்கிழம மரக்கறி. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

நான் உங்கள் வயிற்றுக்கு வைத்த நேர்த்தியை நினைத்துக்கொண்டேன்.

செல்வி குறுக்கே விழுந்தாள். "ஆனா நோனா, இவ கள்ளி. நோனாட பார்சல் மூலை கூரா இருக்குமே, சாக்குக்குக் கீழ கைய விட்டு மேசை முழுக்கத் தடவி அதைத்தான் இழுப்பா."

"நீ தடவல்லயாடி? ரெண்டு பேரும் ஒரு பார்சல ரெண்டு பக்கமாப் பிடிச்சு இழுத்து, அண்டைக்கு இலை கிழிஞ்சு சோறு கொட்டினது யாரால?"

"அதுக்குப் பிறகுதான் நோனா, சேர் காலையில வந்தவுடனே பார்சலைப் பிரிச்சு, மூலையெல்லாம் கசக்கித் தன்ட கையால சுருட்டிக் கட்டத் தொடங்கினவர். எங்க எல்லார்ட பார்சல் மாதிரி இருக்கோணுமாம். அதுதான் நியாயமாம்."

என்னுடைய மூலைகள்! அந்த முரட்டு விரல்களால்! வழக்குத் தொடர இடமிருந்தால் அங்கேயே தொடர்ந்திருப்பேன்.

"அப்ப அவர் சாப்பிட்டது என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சினது. சேர் எப்பவும் கடைசி."

அந்த இடத்தில் நின்றுகொண்டே கணக்குப் பார்த்தேன். நபீஸாவின் பாண், செல்வியின் கீரை, பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் பருப்பு. நான் காலை இருட்டோடு எழுந்து ஆக்கியதைச் செல்வி தின்றுவிட்டு ஏப்பம் விட, நீங்கள் அவளிடம் "இண்டைக்கு என்ன இருந்தது, எப்பிடி இருந்தது" என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறுவீர்களாம். கத்தரிக்காய் அந்த மாதிரி! யாருடைய நாக்கால் சொன்னீர்கள் அதை?

ஒருநாள் பருப்பில் உப்பில்லை. நீங்கள் போன பிறகு நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. நாள் முழுவதும் தவித்தேன். மாலையில் நீங்கள், "இண்டைக்குப் பருப்பு திறம்," என்றீர்கள். என் மனம் நோகக்கூடாது என்று உப்பில்லாத பருப்பைத் தின்றுவிட்டு நல்ல சொல் சொல்கிறாரே என்று, அன்றைக்கு உங்கள் மீது எனக்கு வந்த அன்பை நான் மோதிரம் மாற்றிய அன்றுகூட உணரவில்லை. செல்வியிடம் கேட்டேன். ஓமாம், அவளுக்குத்தான் கிடைத்ததாம். நோனா மனம் நோகும் என்று அவள்தான் திறம் என்று சொன்னாளாம். அப்படியென்றால் அந்த அன்பை நான் யாருக்குக் கொடுத்தேன்? செல்விக்கா?

சாப்பாட்டு நேரம் வந்ததும் திலினி என்னைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூட்டிப்போனாள். விருந்தாளிகளுக்கும் உத்தியோகத்தருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். மேசைக்குத் துணி விரித்திருந்தது. விரிப்பின் மூலைகள் மழுங்கல். கண்ணாடிக்கு அப்பால் நிரந்தர ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கதவுக்கு வெளியே, வேறு நிற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேன்பவர் பிள்ளைகள் இரண்டாம் சாப்பாட்டு மணி அடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, இங்கே கடைசியாகச் சாப்பாடு எடுப்பது யார்?" என்று கேட்டேன்.

"எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான் மெடம்."

"சாப்பாட்டைக் கேட்கவில்லை. யார் கடைசி?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். மனேஜரின் தட்டைப் பார்த்தாள், அது ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது. முகம் சிவந்துபோனது. நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, இருக்கை போதாததால்தான் இரண்டு தரம் மணி அடிப்பதாக மனேஜர் சொல்கிறார் என்றாள். "அப்படியென்றால் மனேஜர் இரண்டாம் மணிக்கு வரட்டும்," என்றேன். சிரித்தாள். என்ன செய்யப்போகிறார்களோ தெரியவில்லை. உங்கள் படம் மட்டும் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு உங்கள் மீது மரியாதை வரவில்லை என்று நினைக்காதீர்கள். வருகிறது. வந்து, பொறாமையின் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இவ்வளவு நியாயம் பார்த்த மனிதர் எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? தடுத்திருப்பேன் என்று பயந்தீர்களா? தடுத்திருப்பேனா?

நபீஸாவை வீட்டுக்கு வரச்சொன்னேன். பாசத்தால் அல்ல. நீங்கள் தின்றதை நான் தின்று பார்க்க வேண்டியிருந்தது. "அந்தக் காலத்தில் எப்படிக் கட்டினாயோ அப்படியே கட்டிக்கொண்டு வா. நானும் கட்டி வைக்கிறேன்," என்றேன்.

நேற்றுப் பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மேசையில் எதிரும் புதிருமாக இருந்து பார்சலை மாற்றிக்கொண்டோம். அவளுடையதை அவிழ்த்தேன். சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய், தேங்காய்ப்பூவோடு இடித்த கூனி இறால் சம்பல். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஒருநாள் நீங்கள் என்னிடம் கூனியை வறுத்து இப்படி இடிக்கச் சொன்னீர்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் ஒருத்தர் சொன்னார் என்றீர்கள். நான் மூன்று நான்கு தரம் இடித்துப் பார்த்தும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்தீர்கள். அந்த 'ஆனா' இதோ, இந்த இலையில் இருந்தது. கூனியில் ஒரு மணல்கூடக் கடிபடவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பூசணியில் உப்புச் சற்றுக் குறைவு என்று சொன்னேன். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டேன்.

நபீஸா என் பார்சலை உடனே அவிழ்க்கவில்லை. மூலைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒன்று கேட்கட்டுமா? என் வீட்டுச் சோற்றைத் தின்ன நீங்கள் முதலில் பயப்படவில்லையா? நாங்கள் பன்றி தின்கிறவர்கள்," என்றேன்.

"பயந்தோம்தான். சேர் சொன்னாரு, 'என்ட வீட்டுல மீன் சட்டி வேற, இறச்சிச் சட்டி வேற, அகப்பையும் வேற. மாறி வச்சா என்னையே வெளிய போடுவா. என்ட மனிசி அதுல அவ்வளவு பொல்லாதவ' எண்டு. அந்தச் சொல்ல நம்பித்தான் நாங்க மேசைக்கு வந்தோம் நோனா. நீங்க பொல்லாதவவா இல்லாட்டி அந்தச் சாக்கே இல்ல."

நம்முடைய பிள்ளைகளே இந்தச் சட்டிகளுக்காக என்னைக் கேலி செய்தவர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தவர். அங்கே போய் இப்படிச் சொன்னீர்களா?

"நபீஸா," என்றேன், "அவருக்கு என் பார்சல் ஒருநாளாவது கிடைக்கவில்லையா?"

"கெடச்சிருக்கு. கசக்கிக் கட்டின பொறகு எங்களுக்குத் தெரியாதே, அதால சில நாள் அதுதான் மிஞ்சும். அண்டைக்கு எங்களுக்கு அவிழ்க்க முன்னமே விளங்கிடும். சேர் சிரிக்க மாட்டாரு. எங்களோட கதைக்க மாட்டாரு. மேசையை விட்டுத் தள்ளிப்போய், பொதி மேல இருந்து, சுவரப் பாத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திண்ணுவாரு. மணி அடிச்சாலும் எழும்ப மாட்டாரு. இலைய வழிச்சித்தான் வைப்பாரு. நாங்க கண்ணாலயே சொல்லிக்கொள்ளுவோம், இண்டைக்கு சேருக்குத் தன்ட வீட்டுச் சோறு எண்டு. அண்டைக்கு எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்கும் நோனா. எங்கட சோத்த அவரு ஒருநாளும் அப்பிடித் திண்டதில்ல."

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். குடம் நிறையத்தான் இருந்தது.

அந்த நாட்களில் நீங்கள் மாலையில் வந்து ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனீர்களே. நான் சட்டியை ருசி பார்த்தேனே. புகழ்ந்த நாளெல்லாம் செல்வியினதும் நபீஸாவினதும். பேசாமல் இருந்த நாட்கள்தான் என்னுடையவை. இதை உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தையாகச் சொல்லியிருந்தால் உங்கள் நியாயத்துக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

இப்போதும் பொறாமை போகவில்லை. அந்தச் சுவரின் மீது பொறாமைப்படுகிறேன். நீங்கள் என் சோற்றைத் தின்றபோது உங்கள் முகத்தைப் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன். வரும் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிப் பார்சல் ஒன்று கட்டி, கனமூலை பஸ்ஸில் நபீஸாவுக்கு அனுப்புவேன். அவள் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அந்தக் கதவுக்கு வெளியே இரண்டாம் மணிக்கு நிற்கும் ஒரு பிள்ளையிடம் கொடுப்பாள். மூலைகளை மட்டும் கசக்கமாட்டேன், அதை என்னிடம் கேட்க வேண்டாம்.

ஆண்டவர் என்னை அழைக்கும் நாளில் உங்களுக்கும் ஒன்று கட்டிக்கொண்டு வருவேன். அங்கே சாக்கும் இல்லை, வரிசையும் இல்லை. எனக்கு முன்னால் இருந்து, நீங்களே முடிச்சை அவிழ்த்துச் சாப்பிட வேண்டும். எப்படி என்று நான் கேட்கமாட்டேன். நீங்களும் ஒன்றும் சொல்லக்கூடாது.

சட்டிகளை இன்னும் வேறு வேறாகவே வைத்திருக்கும்,
உங்கள் பொல்லாத மனைவி,
திரேசா